தன்னாமுனையில் தங்கிய முகில்

சத்தியமாகச் சொல்கிறேன், இதில் ஒரு சொல்லும் பொய்யில்லை. அமிர்தகழிக் கோயில் தீர்த்தக்கேணியில் கழுத்தளவு தண்ணீரில் நின்று சொல்லச் சொன்னாலும் சொல்வேன். தண்ணீர் குளிராமல் இருந்தால் சரி.

கம்பனிகளின் கொம்பியூட்டர்களைப் பராமரிக்கிற தொழிலில், ஒருவனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் எங்கோ ஏதோ நின்றுவிட்டது என்று அர்த்தம். சும்மா சுகம் கேட்க எவரும் கூப்பிடுவதில்லை. அச்சு இயந்திரத்தில் கடதாசி சிக்கியதற்கும், கந்தோர் மின்விசிறி சுற்றாததற்கும் உங்களைத்தான் கூப்பிடுகிறார்களா? அப்படியென்றால் கதிரையை இழுத்துப் போட்டு இருங்கள், நீங்கள் என் ஆள்.

நான் வேலை பார்ப்பது நெல் வாங்கிக் குற்றி அரிசியாக்கும் ஒரு கம்பனியில். கந்தோர் மட்டக்களப்பு நகரில், ஆலை களுவாஞ்சிக்குடியில், நெல் ஸ்டோர் தன்னாமுனையில். ஒரு காலத்தில் தட்டெழுத்துப் படிப்பித்தவன் என்பதால் எல்லாருக்கும் நான் மாஸ்டர். வயது எழுபதை எட்டிப் பார்க்கிறது. ஓய்வு கிடைத்ததும் வாவியில் வீசலாம் என்று ஒரு வீச்சு வலை வாங்கி மாட்டி வைத்தேன். அதற்குப் பிறகு நடந்ததுதான் இது.

தோணியில் போன சேர்வர்

கம்பனி முழுவதற்கும் ஞாபகமாக இருந்தது ஒரு கறுப்புப் பெட்டி, சேர்வர். எந்த விவசாயி எந்த வயல் வட்டையில் வேளாண்மை செய்கிறார், எத்தனை மூட்டை கொண்டுவந்தார், நெல்லில் ஈரம் எவ்வளவு, எல்லாம் அதற்குள்தான். ஒரு மாரியில் வாவி எழும்பிக் கந்தோருக்குள் வந்தது. நான் கதவைத் திறக்க, எனக்கு முன்னால் ஒரு வாவி மீன் நீந்தி உள்ளே போனது. பெட்டியை மேட்டு நிலத்தில் இருக்கிற தன்னாமுனை ஸ்டோருக்குக் கொண்டுபோக வேண்டும். றோட்டெல்லாம் தண்ணீர். எஞ்சின் பூட்டிய தோணி ஒன்றுதான் கிடைத்தது.

பெட்டியை நிறுத்தினால் திரும்ப எழும்புமோ என்று எனக்குப் பயம். ஆகவே பற்றரியோடு சேர்த்து, ஓடுகிற நிலையிலேயே தோணியில் ஏற்றினேன். என் போனை அதன் முதுகில் கட்டி இணைப்பும் கொடுத்தேன். வாவி நடுவில் ஒரு கொக்கு வந்து பெட்டிமேல் இருந்தது. பச்சை விளக்கு மினுங்கும்போதெல்லாம் அது தலையைச் சரித்துப் பார்த்தது. நான் குடை பிடித்தது எனக்கில்லை, பெட்டிக்கு. அந்த நேரம் களுவாஞ்சிக்குடி ஆலையில் இருந்து பெட்டியின் முதுகிலிருந்த போனுக்கு அழைப்பு. எதுவும் அறியாத எழுதுவினைஞர் சொன்னார்: "மாஸ்டர், இண்டைக்கு சேர்வர் நல்ல வேகமாப் போகுது."

கறுத்த முகிலும் வெளுத்த முகிலும்

தண்ணீர் வற்றியபின்னும் பெட்டி தன்னாமுனையிலேயே தங்கிவிட்டது. இரண்டு வருடம் கழித்து மெனேஜர் ரவீந்திரன் எல்லாரையும் கூட்டி ஒரு அறிவித்தலை வாசித்தார். 'வேளாண்மை வெட்டுக்கு முன்னர் எமது தரவுகள் அனைத்தும் முகிலுக்குக் கொண்டு செல்லப்படும்.' கடல் கடந்து எங்கோ இருக்கிற பெரிய சேர்வர்களில் இடம் எடுத்து, கம்பி வழியாக வேலை செய்வதற்குத்தான் முகில் என்று பெயர். பழைய பெட்டி அணைகிற நாளோடு என் ஒப்பந்தமும் முடியும் என்றார். எல்லாரும் என்னைத் துக்கத்தோடு பார்த்தார்கள். எனக்கு வலை ஞாபகம் வந்தது. சிரிப்பை அடக்க இருமினேன்.

ஒத்திகை நாட்களில் ஒன்று கவனித்தோம். வாவிக்கு மேற்கே படுவான்கரைப் பக்கம் வானம் இருண்டால் போதும், இணைப்பு அறுந்துவிடும். ஸ்டோர்கீப்பர் றபீக் ஏறாவூர்க்காரர், எதையும் இரண்டு முறை எண்ணிப் பார்க்கிறவர். யன்னலால் வானத்தைப் பார்த்தார், திரும்பித் திரையைப் பார்த்தார். "மாஸ்டர், அந்த முகில் வரக்குள்ள இந்த முகில் போகுதே, ரெண்டுக்கும் ஏதும் கோவமா?"

பிரியாவிடை

அணைக்கிற நாளில் ஸ்டோருக்குள் ஒரு சின்ன வைபவம். எனக்கு மாலை, பெட்டிக்கும் ஒரு மாலை. மெனேஜர் பேசத் தொடங்கினார். நான் பொத்தானை அழுத்தினேன், பெட்டி அணையவில்லை. மூன்று முறை அழுத்தியும் அசையவில்லை. கடைசியில் கரண்ட் வயரைப் பிடுங்கினோம். பற்றரியில் நின்று, மெனேஜருடைய முழுப் பேச்சையும் கேட்டு, கைதட்டல் முடிந்த பிறகுதான் அது கண்ணை மூடியது. பழைய இரும்பு எடுக்கிறவர்கள் வந்து பார்த்துவிட்டு வேண்டாம் என்றார்கள். சாக்கு மூட்டைகளுக்குப் பின்னால் தள்ளிவைத்தோம்.

எனக்குப் பரிசாகக் கிடைத்தது ஒரு குடை. முகிலுக்குப் போகிறோம் என்பதால் குடை தந்தார்களோ, எனக்குத் தெரியாது. றபீக் என்னை வாசல்வரை வந்து வழியனுப்பினார். "குடையைக் கவனமா வெச்சிக்கிங்க மாஸ்டர், திரும்பி வரக்குள்ள மழையா இரிக்கும்."

ஒரே ஆள், ஆறு பேர்

ஓய்வு கிடைத்த பதினோராம் நாள் காலை. வலையோடு வாவியில் முழங்கால்வரை இறங்கியிருந்தேன். எறியவில்லை, கையை ஓங்கியதுதான். போன் அடித்தது. நெல் வெட்டுத் தொடங்கிவிட்டதாம், ஸ்டோர் வாசலில் எல்லாம் நின்றுவிட்டதாம். குடையை எடுத்துக்கொண்டு போனேன்.

லொறிகளும் உழவு இயந்திரங்களும் பெரிய றோட்டுவரை நின்றன. எல்லாம் ஈர நெல். வானம் கறுத்துக்கொண்டு வந்தது. இரண்டு நாள் மூட்டையில் கிடந்தால் முளைவிடும், பிறகு அந்த மனிதர்களுக்கு ஒரு போகத்து உழைப்பும் போச்சு. சிக்கல் என்னவென்றால், புளியடி வட்டையில் ஆறு தம்பிப்பிள்ளைகள். கந்தப்பன் மகன், கணபதி மகன், கதிராமன் மகன் என்று ஆறு பேருக்கும் முதலெழுத்து 'க'. முகில் ஆறு பேரையும் ஒருவராக்கிவிட்டது. மற்ற வட்டைகளிலும் இதே கதை. முதலாவது தம்பிப்பிள்ளை நெல்லை இறக்கிவிட்டுப் போய்விட்டார். இரண்டாமவர் வந்தபோது வாசல் மேசையில் இருந்த சுகந்தி திரையைப் பார்த்து, "ஐயா, நீங்க காலையிலேயே நெல்லு குடுத்திட்டுப் போயிட்டீங்க" என்றாள். அவர் தன் லொறியைத் திரும்பிப் பார்த்தார், தன் வேட்டியைக் குனிந்து பார்த்தார். "நான் போயிட்டன் எண்டா மறுகா இஞ்ச நிக்கிறது ஆரு புள்ள?"

பட்டம்

பழைய பெட்டியில் இந்தச் சிக்கல் வந்ததில்லை. அதில் பெயருக்குப் பக்கத்தில் நான் ஒரு நிரல் வைத்திருந்தேன், தலைப்பு 'பட்டம்'. ஊரில் வைத்த பட்டத்தைச் சொன்னால்தான் இங்கே ஆளைத் தெரியும். நண்டு தம்பிப்பிள்ளை, மொட்டைத் தம்பிப்பிள்ளை, கோடாலித் தம்பிப்பிள்ளை, கேட்டதை எல்லாம் ஊர் முழுக்க ஒலிபரப்புகிற ரேடியோ தம்பிப்பிள்ளை. யாரும் கோவிப்பதில்லை, மேசையில் வந்து தாங்களே சொல்வார்கள்.

அந்த நிரல் முகிலில் இல்லை. தரவுகளை மாற்றித் தந்த கொழும்புக் குழுவில் நிரோஷினி என்று ஒரு பொறியியலாளர். பண்பான பிள்ளை, அழகாகத் தமிழ் பேசுவார். போன் எடுத்துக் கேட்டேன். திரும்பச் சேர்க்க விண்ணப்பம் போட வேண்டும், மூன்று பேர் ஒப்பமிட வேண்டும், அதற்குள் வெட்டு முடிந்துவிடும் என்றார். ஏன் பிள்ளை எடுத்தீர்கள் என்றேன். அவர் சொன்னார்: "பட்டம் என்ற இடத்தில் ஒருவருக்கும் சரியான கல்வித் தகைமை இருக்கவில்லை மாஸ்டர், ஒருவர் நண்டு என்றுகூடப் போட்டிருந்தார்."

மூட்டைக்குப் பின்னால்

எனக்கு அலுத்துவிட்டது. விளக்கம் சொல்கிற வயதும் இல்லை. சாக்குகளை விலக்கி, பெட்டியின் கழுத்தில் காய்ந்து கிடந்த மாலையை எடுத்துவிட்டு, வயரைச் செருகினேன். இடப்பக்கம் மூன்று தட்டு, வலப்பக்கம் ஒன்று. அதற்கு அந்தப் பக்குவம் தெரியும். ஒரு பல்லி வெளியே வந்தது, பிறகு பச்சை விளக்கு வந்தது. எல்லா இடத்துக் கொம்பியூட்டர்களுக்கும் முகிலின் முகவரியை எடுத்துவிட்டு இதன் முகவரியைக் கொடுத்தேன். யாரும் பயப்படாமல் இருக்கத் திரையின் மூலையில் வெள்ளையாக ஒரு முகில் படம் போட்டேன். கொஞ்சம் செம்மறி ஆடு மாதிரி வந்துவிட்டது, பரவாயில்லை.

பின்னேரத்துக்குள் ஆறு தம்பிப்பிள்ளைகளும் இறக்கிவிட்டார்கள். கடைசி மூட்டை உள்ளே போக, முதல் துளி விழுந்தது. வேண்டுமானால் நம்பாதீர்கள், அந்த மழை எங்கள் தாழ்வாரத்துக்கு வெளியே வரிசை முடியும்வரை காத்து நின்றது. மெனேஜர் வந்தார். ஆட்டைப் பார்த்தார், அவருக்கு அது முகிலாகத்தான் தெரிந்தது. "பாத்தீங்களா மாஸ்டர், முகிலுக்குப் பழகக் கொஞ்ச நாள் எடுத்தது, இப்ப எல்லாரையும் தெரியுது."

முகிலில் பல்லி

அன்று பிடித்தது என்னை இந்த வேலை, இன்னும் விடவில்லை. உண்மையைச் சொன்னால் மெனேஜருக்கு அவமானம், சொல்லாவிட்டால் எனக்கு ஓய்வில்லை. கரண்ட் போய் வந்தால் தட்ட வேண்டும், எறும்பு ஏறினால் ஊத வேண்டும், கிழமைக்கு ஒருமுறை துணியால் துடைக்க வேண்டும். றபீக்கைப் பழக்கலாம் என்று பார்த்தால், "நெல்லை நான் பாக்கிறன், முகிலை நீங்க பாருங்க" என்று முதலே கையை விரித்துவிட்டார். நான் தினமும் வந்து போவதைக் கண்டு மெனேஜர் எனக்கு 'முகில் ஆலோசகர்' என்று பதவியும் தந்துவிட்டார். வீட்டில் வலை அதே ஆணியில் தொங்குகிறது. அதில் இதுவரை விழுந்தது ஒரு கரப்பான்.

போன கிழமை நிரோஷினி போன் எடுத்தார். வெட்டுத் தொடங்கிய நாளில் இருந்து எங்கள் கம்பனியில் ஒருவரும் முகில் பக்கம் வரவில்லையே என்று கேட்டார். எனக்குப் பின்னால் பெட்டியின் விசிறி இரைந்தது, பல்லியும் சொல்லிவிட்டது. அந்தப் பிள்ளைக்கு விளங்கிவிட்டது. விளங்கினால் எனக்கு விடுதலை, உடனே நிறுத்தச் சொல்வார் என்று ஒரு கணம் நிம்மதியாகக்கூட இருந்தது. ஆனால் அவர் குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "தயவுசெய்து அதை நிறுத்திவிடாதீர்கள் மாஸ்டர், எங்களிடம் ஒரு முறைப்பாடும் வராத ஒரே கம்பனி உங்களுடையதுதான்."

மொத்தத்தில், ஊரெல்லாம் மேலே இருப்பதாக நினைக்கிற முகிலைத் தன்னாமுனையில் துணிகொண்டு துடைத்துக்கொண்டிருப்பவன் நான் ஒருவன்தான். இதை நான் சொன்னதாக ஒருவரிடமும் சொல்லிவிடாதீர்கள், யாராவது கேட்டால் ரேடியோ தம்பிப்பிள்ளை சொன்னதாகச் சொல்லுங்கள், மறுபேச்சில்லாமல் நம்புவார்கள்.