ப்ராக் போன நாளும் என் காணாமல் போன கார்டும்

ஹாஸ்டல் சமையலறையில் புளிக்காய்ச்சல் கொதித்தால் போதும்... காரிடார் முழுக்க ஜெர்மன்காரர்கள் ஒவ்வொருவராகக் கதவைத் திறந்து எட்டிப் பார்ப்பார்கள். அந்தச் சனிக்கிழமை காலையும் அப்படித்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

டிரெஸ்டனில் நான் எம்.எஸ். படித்த இரண்டாவது குளிர்காலம். தேனிப் பக்கம் ஓடைப்பட்டித் திராட்சைத் தோட்டத்திலிருந்து போன எனக்கு அங்கே இரண்டே கூட்டாளிகள். குமுளி மலையடிவாரத்து லோயர் கேம்ப் ஜீவா, மலைக்கு அந்தப் பக்கம் கேரளத்துக் கட்டப்பனையிலிருந்து வந்த நீனா. ஊரில் இருந்தவரை முகம்கூடத் தெரியாது. அங்கே போய் ஒரே சட்டியில் சமைத்துக்கொண்டிருந்தோம்.

நீனா போனை நீட்டினாள். "ப்ராகுக்கு பஸ் டிக்கெட் ஒரு பீட்சா விலைதான். போயிட்டு சாயங்காலமே திரும்பலாம். பட்சே பஸ் இப்போ கெளம்பப் போகுது."

அவ்வளவுதான் திட்டம். புளிச்சோற்றைப் பழைய ஐஸ்கிரீம் டப்பாவில் அமுக்கிக்கொண்டு ஓடினோம். ஜீவாதான் அடுப்பை அணைத்து, கதவைப் பூட்டிவிட்டுக் கடைசியாக வந்தான்.

பஸ் ஊரைத் தாண்டியதும் பர்ஸைத் திறந்தேன்.

ரெசிடென்ஸ் கார்டு இல்லை...

திக்கென்றது. வெளிநாட்டு மாணவருக்கு அங்கே அந்த ஒரு கார்டுதான் எல்லாமே. பாஸ்போர்ட்டும் அறையில் கிடந்தது. பையைக் கொட்டிப் பார்த்தேன். முந்தின நாள் ஏதோ நம்பர் பார்க்க எடுத்து, சமையலறை மேஜையில் வைத்த ஞாபகம் மட்டும் வந்தது.

சொன்னால் மூவரும் வழியிலேயே இறங்கித் திரும்ப வேண்டியதுதான். நீனா ஜன்னலில் மூக்கை ஒட்டிக்கொண்டு பனியைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். ஜீவா பக்கத்து சீட்டில் கண்ணை மூடியிருந்தான். நான் வாயை மூடிக்கொண்டேன்.

பார்டர் என்றால் எனக்குத் தெரிந்தது குமுளிதான். லோயர் கேம்ப் தாண்டி மலையேறினால் செக்போஸ்ட், வண்டிக்குள் எட்டிப் பார்க்கும் போலீஸ், வரிசையாக நிற்கும் ஜீப்புகள், நேந்திரம் சிப்ஸ் வறுக்கிற வாசனை. இரண்டு மாநிலத்துக்கே இத்தனை என்றால் இரண்டு நாட்டுக்கு எத்தனை இருக்கும்? மடியில் பையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, என்ன பொய் சொல்லலாம் என்று யோசித்தபடியே உட்கார்ந்திருந்தேன். மலை வந்தது. சுரங்கப் பாதை வந்தது. செக்போஸ்ட் மட்டும் வரவே இல்லை...

"ஜீவா, பார்டர் எப்ப வரும்?"

"அது தாண்டி ரொம்ப நேரமாச்சே."

ஒரு நாடு முடிந்து இன்னொரு நாடு தொடங்கியிருக்கிறது. வண்டியை நிறுத்தி ஒரு வார்த்தை கேட்க ஆள் இல்லையா?

ப்ராகில் நாங்கள் எதற்கும் டிக்கெட் எடுக்கவில்லை. கோட்டையை வெளியே நின்று பார்த்தோம். பழைய பாலத்தில் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக நடந்தோம். கழிப்பறைக்குக்கூடக் காசு என்றதும் நீனா, "எனிக்கு வேணாம்பா, ஞான் அடக்கிக்கிறேன்" என்றாள். ஆற்றங்கரை பெஞ்சில் ஆறிப்போன புளிச்சோறு. பக்கத்தில் அன்னங்கள் நீந்திக்கொண்டிருந்தன. எனக்கு ஒரு வாய்கூட இறங்கவில்லை. யூனிஃபார்ம் போட்ட யாரைக் கண்டாலும் நீனாவுக்குப் பின்னால் பதுங்கினேன். ஒருமுறை அப்படிப் பதுங்கியது ஒரு டிராம் டிரைவரைப் பார்த்து.

ஜீவா வேறு அடிக்கடி என் முகத்தைப் பார்ப்பதும் தலையைத் திருப்பிக்கொள்வதுமாக இருந்தான். இவனுக்கு என்ன கேடு என்று எரிச்சலாக வந்தது.

திரும்பி வரும்போது பஸ் திடீரென ஓரம் கட்டியது. இரண்டு போலீஸ்காரர்கள் ஏறினார்கள். போகும்போது இல்லாத பார்டர் வரும்போது வந்துவிட்டது...

அப்பா திராட்சைப் பந்தலுக்குக் கீழே நிற்பதும், "மகளத் திருப்பி அனுப்பிட்டாகளாம்ல?" என்று வருகிறவர் போகிறவரெல்லாம் கேட்பதும் கண்ணுக்கு முன்னால் ஓடியது. நீனா தன் கார்டைக் காட்டினாள். அடுத்தது நான்.

ஜீவா ஜாக்கெட்டின் உள்பையில் கைவிட்டான். இரண்டு கார்டுகளை எடுத்து நீட்டினான். ஒன்று அவனுடையது. இன்னொன்றில் என் முகம்.

போலீஸ்காரர் பார்த்தார், திருப்பிக் கொடுத்தார், போய்விட்டார். நான் என் கார்டை ஜீவா கையிலிருந்து பிடுங்கினேன்.

"எப்படா எடுத்த?"

"காலையிலயே. டேபிள்ல கெடந்துச்சு. எங்கப்பா எஸ்டேட்டு ஜீப்பு ஓட்டுறாகல்ல? மலைக்கு ஏலக்காய் எடுக்கப் போற பொம்பளையாளுக ஆதார் கார்டையெல்லாம், செக்போஸ்ட்டுல காட்ட அவுகதான் வாங்கி வச்சுக்கிருவாக. அந்தப் பழக்கம், கை தன்னால எடுத்துருச்சு."

அவனைக் கையெடுத்துக் கும்பிடாத குறைதான். பார்த்தே இராத அந்த ஜீப் டிரைவர் அப்பாவையும் மனசுக்குள் சேர்த்துக் கும்பிட்டேன்.

வருடங்கள் ஓடிவிட்டன. நான் தேனிக்கே வந்துவிட்டேன். போன மாதம் குமுளியில் ஒரு கல்யாணத்துக்குப் போகிற வழியில் லோயர் கேம்ப்பில் இறங்கி ஜீவாவின் அப்பாவைப் பார்த்தேன். டீ போட்டுக் கொடுத்தார். நானும் நன்றியோடு முழுக் கதையையும் சொன்னேன்.

அவர் முழித்தார்.

"கார்டா? நான் ஆருகிட்டயும் கார்டு வாங்குனதில்லையே ஆத்தா. தெனம் போற சனத்த செக்போஸ்ட்டுல மூஞ்சியப் பாத்தே விட்டுருவாக."

டம்ளரைக் கீழே வைத்தேன். அங்கேயே, அவர் முன்னாலேயே, மியூனிக்கில் இருக்கும் ஜீவாவுக்கு போன் போட்டேன். அப்பா சொன்னதைச் சொல்லி, உண்மையைக் கேட்டேன்.

"பஸ்ல நீ பையக் கொட்டுனப்பவே பாத்தேன் சுதா, தூங்குற மாதிரி நடிச்சுக்கிட்டு இருந்தேன். கேப்ப, கொஞ்சம் ஓட்டிட்டுக் குடுப்போம்னு இருந்தேன். நீ கேக்கவேயில்ல. நேரம் ஆக ஆக, இப்பக் குடுத்தா இவ கொன்னுருவாளேன்னு எனக்குப் பயமாப் போச்சு. கடைசில அப்பா மேல போட்டுட்டேன்."

ஆக, அன்றைக்கு நாள் முழுக்க நான் போலீஸுக்குப் பயந்து நடந்திருக்கிறேன். அவன் எனக்குப் பயந்து நடந்திருக்கிறான். ப்ராகை ஒழுங்காகப் பார்த்தது நீனா ஒருத்திதான்.

இப்போது எங்கள் வாட்ஸ்அப் குரூப்பில் தலைவலி வந்தால்கூட உடனே சொல்லிவிடுகிறோம். மூன்று ஊர், மூன்று வேலை. மூவரும் சேர்ந்து எங்காவது போகலாம் என்று பேசத் தொடங்கி எத்தனையோ மாதமாகிறது, தேதிதான் அமையவில்லை. அன்றைக்கு அடுப்பை அணைக்கிற நேரத்தில் கிளம்பினோம்...

ஜீவாவுக்கு என்னிடம் ஒரு அடி பாக்கி இருக்கிறது. அதை வாங்கிக்கொள்ளவாவது ஒருதரம் ஊருக்கு வந்துவிட்டுப் போகலாம் அவன்.