புடவையைத் தின்னாத குப்பி

கல்லூரி ஆய்வுக்காக மகள் எங்கள் ஃப்ரிட்ஜில் வைத்த சின்னக் குப்பி, என் மனைவியின் புடவையைத் தின்றுவிடும் என்று நம்பிய அறிவாளி நான்.

"பாக்டீரியாவோட என்சைம்பா," என்று மகள் சொல்லியிருந்தாள். "பருத்தி, காகிதத்துல இருக்கிற செல்லுலோஸை உடைக்கும். நல்ல சூட்டுலயும் கெடாது. உன் ஃபேக்டரித் தோலை மட்டும் ஒண்ணும் பண்ணாது."

மனைவி இறந்து மூன்று வருடம். அவள் கடைசியாகக் கட்டிய பருத்திப் புடவையைத் துவைக்காமல் வைத்திருந்தேன்; பிரித்தால் அவள் வாசனை வரும். ஆம்பூர் தோல் தொழிற்சாலைக்காரன் சும்மா இருப்பேனா? புதுத் தோல் ஒன்றைக் கொண்டுவந்து, புடவையை இறுக்கிச் சுற்றிப் பீரோவில் பூட்டினேன்.

ஒரு மாதம் கழித்து மகளுக்குத் தெரிந்தது. "இன்னாப்பா நீ! மூடி வச்ச குப்பி பீரோ வரைக்கும் நடந்து வருமா? ஃப்ரிட்ஜ் குளிர்ல அது வேலையே செய்யாது."

நானும் சிரித்துக்கொண்டே பிரித்தேன். புடவையில் ஒரு நூல்கூடப் போகவில்லை. முகர்ந்து பார்த்தேன். தோல் வாசனைதான் வந்தது.