மனை பார்க்கப் போன ஞாயிறு

இப்போது எங்கள் வீட்டில் வெள்ளிக்கிழமையே இந்தப் பேச்சு ஆரம்பித்துவிடும். ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளை எங்கே கூட்டிக்கொண்டு போவது, செலவு கையைக் கடிக்காமல் எப்படித் திரும்பி வருவது என்று நானும் மனைவியும் ஆளுக்கொரு கைபேசியை வைத்துக்கொண்டு தேடுவோம். நான் சிறுவனாக இருந்தபோது இந்தப் பொறுப்பை மாமா ஒருவரே சுமந்தார். அவருக்குக் கைபேசியெல்லாம் தேவைப்படவில்லை, டிவி போதுமானதாக இருந்தது.

மாமா என்றால் அம்மாவின் தம்பி. கூரியர் ஆபீஸில் வேலை கிடைத்துத் தாம்பரத்துக்கு வந்தவர், வேறு இடம் பார்க்கும்வரை என்று எங்களோடு தங்கி, கடைசிவரை வேறு இடம் பார்க்கவேயில்லை. கிழக்குத் தாம்பரத்தில் ஒரு மாடிப் போர்ஷனில் வாடகைக்கு இருந்தோம். கீழே வீட்டுக்காரர். என் தங்கை குதித்து விளையாடினால் அவர் கீழேயிருந்து ஒட்டடைக் குச்சியால் தன் வீட்டுக் கூரையை இடிப்பார். அது எங்கள் தரையில் டொக் டொக் என்று கேட்கும். அம்மா உடனே ஓடிவந்து தங்கையைப் பிடித்து உட்கார வைப்பாள். "சொந்த வீடா இருந்தா நாள் பூரா குதி, யாரு வேணாம்னா" என்பாள். குழம்பில் உப்பு போட்டேனா என்று கேட்கிற அதே குரலில் சொல்வதால் நாங்கள் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொண்டதில்லை.

ஆகவே ஞாயிறு வந்தால் எங்களை எங்கேயாவது கொண்டுபோய் ஓட விட்டாக வேண்டும். ஸ்டேஷன் மேம்பாலத்தில் நின்று ரயில் பார்த்தாகிவிட்டது. வண்டலூர்க் குரங்குகளுக்கே எங்களைப் பார்த்து அலுத்திருக்கும். கோவளத்தில் தங்கையின் செருப்பை அலை கொண்டுபோனதில் அந்த ஊர்ப் பேச்சும் நின்றுபோயிருந்தது. அப்போதுதான் டிவியில் கோட்டு போட்ட ஒருவர் வந்து, சிங்கப்பெருமாள் கோவில் தாண்டி வீட்டுமனைகள் விற்பனைக்கு இருப்பதாகவும், பெருங்களத்தூரிலிருந்து ஏசி வேனும் மதியச் சாப்பாடும் இலவசம் என்றும், குடும்பத்தோடு வாருங்கள் என்றும் கூப்பிட்டார். நாங்கள் அதுவரை அதை மனை விளம்பரம் என்றுதான் நினைத்திருந்தோம். அது பிக்னிக் விளம்பரம் என்று கண்டுபிடித்தவர் மாமாதான்.

அப்பாவுக்குப் பிடிக்கவில்லை. "வாங்கற எண்ணமே இல்லாம போய் அவங்க சோத்தைச் சாப்பிடறதா?" என்றார்.

"வாங்குங்கன்னா சொல்றாங்க? பாக்கத்தானே மாமா கூப்பிடறாங்க!" என்றார் மாமா. எங்கள் மாமா எங்கள் அப்பாவை மாமா என்றுதான் கூப்பிடுவார்.

இப்படிப்பட்ட வழக்குகளில் அம்மா எப்போதும் அப்பா பக்கம். அன்று மட்டும், "போய்ட்டுத்தான் வரலாமே. பசங்க கொஞ்சம் ஓடட்டும்" என்றாள். அடுத்த ஞாயிறு அவள் கல்யாணங்களுக்குக் கட்டும் பச்சைப் புடவையில் கிளம்பி நின்றபோது மாமாவே ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

போகும் வழியில் மாமா எங்கள் இருவரையும் எச்சரித்தார். யார் கேட்டாலும் மனை பார்க்க வந்தோம் என்றுதான் சொல்ல வேண்டும். பிக்னிக் என்ற வார்த்தை வெளியே வந்தால் நடுவழியில் இறக்கி விட்டுவிடுவார்கள். அம்மாவும், "வாயைத் தொறந்தீங்க, பாத்துக்கோங்க" என்று தன் பங்குக்கு மிரட்டினாள். தங்கை பயந்துபோய் வேனில் ஏறியதிலிருந்து வாயைக் கையால் பொத்திக்கொண்டே வந்தாள். ரகசியத்தை உடைக்கப் பார்த்தது மாமாவின் கையில் இருந்த கிரிக்கெட் மட்டைதான்.

"இன்னா சார், பேட்லாம் எத்துகினு வந்துகிறீங்க? பிளாட்டு அளக்கவா?" என்று டிரைவர் கேட்டார்.

மாமா சிரித்து வைத்தார். சிரித்ததில் தப்பில்லை. முன் சீட்டில் ஒரு குடும்பம் ஷட்டில் மட்டைகளோடு இருந்தது. பின்னால் ஓர் அம்மாள், சாப்பாடு நன்றாக இல்லாவிட்டால் என்ன செய்வது என்று ஒரு பெரிய டப்பாவில் புளியோதரையே கொண்டுவந்திருந்தார்.

மனை என்பது ஒரு பொட்டல் காடு. வெள்ளையடித்த கல் வரிசைகளும், கலர்க் கலராகக் கொடிகளும், ஒரு ஷாமியானா பந்தலும் இருந்தன. நாங்கள் அப்படியோர் இடத்தை அதற்குமுன் பார்த்ததில்லை. கத்தலாம், ஓடலாம், எல்லைக் கல்லையே ஸ்டம்பாக வைத்து ஆடலாம். கம்பெனிக்காரர்கள் குடை பிடித்துக்கொண்டு பெரியவர்களுக்குத் தெருக்களைக் காட்டினார்கள். எங்கள் கண்ணுக்குத் தெரு எதுவும் தெரியவில்லை. சாப்பாட்டில் வடை பாயசம் எல்லாம் இருந்தது. சாப்பிட்டதும் அப்பா பந்தலில் நாற்காலியில் உட்கார்ந்தபடியே கண் அசந்தார்.

அம்மா டை கட்டிய ஓர் இளைஞரிடம், "கிழக்குப் பார்த்தது எது தம்பி?" என்று கேட்டுக்கொண்டு நடந்து போனாள். கொஞ்ச நேரத்தில் ஒரு மூலை மனையிலிருந்து எங்களைக் கூப்பிட்டாள். ஆட்டத்தை விட்டுவிட்டு ஓடினோம். என்னை ஓர் ஓரத்தில் நிறுத்தி, "நீதான் அடுப்படி. அசையக் கூடாது" என்றாள். தங்கையை நடுவில் நிறுத்தி, "நீ ஹால்" என்றாள். மாமாவைத் தெருவோரம் நிற்க வைத்து, "நீ வாசல்" என்றாள். மாமா வாசல் மாதிரியே கையைக் காலை அகட்டிக்கொண்டு நின்றார். புது விளையாட்டு என்று எங்களுக்கு ஒரே குஷி.

அம்மா தெருவுக்குப் போனாள். திரும்பி வந்து மாமாவுக்கு முன்னால் நின்றாள். செருப்பைக் கழற்றிக் கல்லோரம் ஒதுக்கி வைத்துவிட்டு, வலது காலை எடுத்து உள்ளே வைத்தாள்.

"அம்மா, முள்ளு!" என்று கத்தினேன். காதில் விழுந்ததாகத் தெரியவில்லை. மெதுவாக நடந்து அடுப்படி வரைக்கும் வந்து, என் தோளில் கை வைத்துக்கொண்டு, ஜன்னல் வரவேண்டிய பக்கம் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு தங்கையைத் திரும்பிப் பார்த்து, "இப்பக் குதிடி" என்றாள். தங்கை ஒருமுறை குதித்துவிட்டுக் காலடியில் ஏதாவது சத்தம் கேட்கிறதா என்று பார்த்தாள். கேட்கவில்லை என்றதும் ரிப்பன் அவிழும்வரை குதித்தாள். அம்மா சிரித்த சிரிப்பு எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அவள் அப்படிச் சிரித்து அதற்கு முன் நான் பார்த்ததில்லை.

டை கட்டிய இளைஞர் இதையெல்லாம் பார்த்துவிட்டு நேராகப் போய் அப்பாவை எழுப்பிக் கூட்டிவந்தார். "அக்காவுக்கு ரொம்பப் பிடிச்சுப் போச்சு சார். இன்னிக்கு டோக்கன் அட்வான்ஸ் மட்டும் போட்டுட்டீங்கன்னா மிச்சத்தை லோன்ல பாத்துக்கலாம்" என்றார். அப்பா கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைத்தார். மாட்டினார். மறுபடி கழற்றித் துடைத்தார்.

"நாங்க பிக்னிக் வந்தோம் தம்பி. வாங்கறதுக்கு வரல" என்றாள் அம்மா.

எங்களுக்குத் தூக்கிவாரிப்போட்டது. நாள் முழுக்க உயிரைப் பிடித்துக்கொண்டு காத்த ரகசியம்! எங்களை மிரட்டியவளே போட்டு உடைத்துவிட்டாளே என்று ஆத்திரமாக வந்தது. இனி நடந்துதான் வீட்டுக்குப் போக வேண்டும் என்று தங்கை அழத் தயாரானாள். அந்த இளைஞர் ஒன்றும் கோபப்படவில்லை. "பரவால்லக்கா, முக்கால்வாசிப் பேர் அதுக்குத்தான் வராங்க. மோர் இருக்கு, குடிச்சிட்டுப் போங்க" என்றார். அப்பா கண்ணாடியை மாட்டிக்கொண்டு, கல்லோரம் கிடந்த அம்மாவின் செருப்பை எடுத்துவந்து அவள் காலருகே வைத்தார். அப்பா அப்படியெல்லாம் செய்கிறவர் இல்லை.

திரும்பும்போது வேனில் முக்கால்வாசிப் பேர் தூங்கினார்கள். அம்மா கால்மேல் கால் போட்டு, தாலிக்கொடியிலிருந்து ஊக்கைக் கழற்றிப் பாதத்திலிருந்து முள்ளை எடுத்தாள். நான்தான் அதை உள்ளங்கையில் வாங்கிப் பார்த்தேன். முனை உடையாமல் முழுசாக வந்திருந்தது. ஜன்னல் வழியாகத் தூக்கி எறியலாம் என்றால் ஏசி வேனில் கண்ணாடி திறக்கவில்லை. சட்டைப் பையில் போட்டுக்கொண்டு நிமிர்ந்தால், அம்மா புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"அதான் வெளிய வந்துடுச்சேம்மா. இன்னும் ஏன் அழற?" என்று கேட்டேன்.

"வலிக்குதுடா" என்றாள்.

இத்தனூண்டு முள்ளுக்கா என்று எனக்கு ஆச்சரியமாக இருந்தது. முன் சீட்டில் இருந்த அப்பாவைத் தட்டி, "அம்மாவுக்கு இன்னும் வலிக்குதாம்ப்பா" என்றேன். அவர் தூங்கவில்லை என்பது எனக்குத் தெரியும். ஆனாலும் அவர் திரும்பிப் பார்க்கவில்லை.