மூன்று முறை அளந்தும் சொல்லாமல் விட்டேன்

இரண்டு வருடங்களுக்கு முன், மழைக்காலம் தொடங்கிய சமயத்தில் நடந்தது இது. தாம்பரத்தைத் தாண்டி ஜி.எஸ்.டி. ரோட்டில் இருக்கும் ஒரு மருத்துவமனையில் நான் இதய ஸ்கேன் எடுக்கும் எக்கோ டெக்னீஷியன்.

எங்கள் ஸ்கேன் மெஷினில் அப்போது புதிதாக ஒரு வசதி சேர்த்திருந்தார்கள். இதயத்திலிருந்து கிளம்பும் பெரிய ரத்தக்குழாய் ஒவ்வொரு துடிப்புக்கும் எவ்வளவு விரிகிறது என்று திரையில் அளந்து, கூடவே பிரஷரையும் பார்த்துப் போட்டால், அந்தக் குழாய் எவ்வளவு விறைத்திருக்கிறது என்று தெரிந்துவிடும். டாக்டர் இரண்டு தடவை சொல்லிக் கொடுத்தும் எனக்குக் கை படியவில்லை. இன்னொரு தடவை கேட்க வெட்கம். கூட்டம் இல்லாத மதிய வேளைகளில் ஸ்டாஃபில் யாரையாவது படுக்க வைத்துப் பழகிக்கொண்டிருந்தேன்.

அப்படி ஒருநாள் வந்தவர் எங்கள் ஆம்புலன்ஸ் டிரைவர். அனகாபுத்தூர்க்காரர், நாற்பது வயதிருக்கும். "எனக்கு இன்னா மேடம், நல்லாத்தான் கீறேன். நீ பழகிக்கோ" என்று சிரித்தபடி சட்டையைக் கழற்றிவிட்டுப் படுத்தார்.

பிரஷர் அதிகமாகக் காட்டியது. மாடிப்படி ஏறி வந்ததால் இருக்கும் என்று நினைத்தேன். திரையில் அந்தக் குழாய் விரிந்ததே தெரியவில்லை. அறுபதைத் தாண்டியவர்களுக்கு வருகிற மாதிரி ஓர் அளவு வந்தது. மறுபடி அளந்தேன். அதேதான். மூன்றாவது முறையும் அதேதான்.

"எதுனா பிரச்சனையா மேடம்?" என்றார்.

"உங்களுக்கு ஒண்ணும் இல்லண்ணா. எனக்குத்தான் இன்னும் சரியா அளக்க வரல" என்று சொல்லி, ஜெல்லைத் துடைக்கத் துணி கொடுத்து அனுப்பிவிட்டேன். டாக்டர் பக்கத்து அறையில்தான் இருந்தார். கூப்பிடவில்லை. இன்னுமா அளக்க வரவில்லை என்று கேட்டுவிடுவாரோ என்று பதிவையும் அழித்துவிட்டேன்.

ஏழு மாதம் கழித்து, காலையில் பல் துலக்கும்போது அவருக்குப் பக்கவாதம் வந்தது. உயிர் பிழைத்தார். வலது கை பழையபடி இயங்கவில்லை. வண்டி ஓட்டும் வேலை போனது. பிரஷர் ரொம்ப நாளாகவே இருந்திருக்க வேண்டும் என்றார் டாக்டர். அப்போதுதான் அவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் திட்டவில்லை. "மூணு தடவையும் ஒரே அளவு வந்திருக்குன்னா, நீங்க சரியாத்தாம்மா அளந்திருக்கீங்க" என்றார். அதற்குத் திட்டியே இருக்கலாம்.

அந்த ஞாயிற்றுக்கிழமை டிரைவர் வீட்டுக்குப் போய் அங்கேயும் சொன்னேன். அவர் மனைவி, "ஒரு வார்த்த சொல்லியிருந்தா மாத்திரயாவது வாங்கிக் குடுத்துகினு இருந்திருப்பேனே" என்றார். டிரைவர் இடது கையால் அவரைத் தடுத்தார். "வுடு" என்றவர், என்னைப் பார்த்துக் குழறலாக, "என் தம்பிய ஒரு தபா பாத்துடு மேடம்" என்றார்.

தம்பி மருத்துவமனைக்கு வந்தார். பத்து நிமிஷம் உட்கார வைத்த பிறகே பிரஷர் பார்த்தேன். அவருக்கும் பிரஷர் இருந்தது. கையோடு டாக்டரிடம் கூட்டிப் போனேன். இப்போது மாத்திரை சாப்பிடுகிறார். அதில் எனக்குக் கொஞ்சம் ஆறுதல் உண்டு, அவ்வளவுதான்.

பக்கத்து அறைக்குப் போய்க் கேட்க வெட்கப்பட்டது நான். அதற்கான பலனை அனுபவிப்பது என்னை நம்பிப் படுத்த ஒரு மனிதர் என்பது இன்றுவரை என் மனதை அரித்துக்கொண்டே இருக்கிறது.