வத்சலா சேச்சிக்கு இரண்டு வாக்கு

திருவனந்தபுரத்தில் எதற்கெடுத்தாலும் மைக் வைத்துவிடுவார்கள். ஆபீசுக்குப் புதிதாக ஒரு ஜெராக்ஸ் மிஷின் வந்தால்கூடப் போதும். ஒருவர் வரவேற்பார், ஒருவர் தலைமை தாங்குவார், ஒருவர் நன்றி சொல்வார். இடையில் எல்லோரும் "ரண்டு வாக்கு", அதாவது இரண்டு வார்த்தை, பேசியாக வேண்டும். ஊரிலிருந்து இதை வாசிக்கிறவர்களுக்கு வேடிக்கையாக இருக்கும். சங்கரன்கோவில் பக்கமிருந்து குமாஸ்தா வேலைக்கு வந்த நான், பன்னிரண்டு வருடம் அந்த இரண்டு வாக்குக்குப் பயந்து ஒளிந்து திரிந்தவன்.

பிறவியிலேயே நான் இப்படி இல்லை. ஊரில் கபடிப் போட்டிக்கு மைக் பிடிப்பவனே நான்தான். வயரைப் பிடுங்கினால்தான் நிறுத்துவேன். இங்கே வந்த முதல் ஓணத்தில் அதே தைரியத்தில் எழுந்து மலையாளத்தில் பேசினேன். நாலாவது வாக்கியத்தில் யாரோ, தமிழர்களை இங்கே கேலியாகக் கூப்பிடுகிற மாதிரி, "நம்முடெ அண்ணாச்சி!" என்று சொல்ல, அறையே சிரித்தது. கெட்ட எண்ணமெல்லாம் இல்லை, பாயசம்கூட எனக்குத்தான் முதலில் கொடுத்தார்கள். ஆனால் அன்று அடைத்த தொண்டை பிறகு திறக்கவே இல்லை. நாலு பேர் திரும்பிப் பார்த்தாலே சட்டை நனையும். மனைவிக்கு ஏழாம் மாதத்தில் உதிரம் போனபோது, ஆஸ்பத்திரி கவுண்டரில் வரிசை முழுவதும் என்னையே பார்க்க, அவள் பெயரைக்கூடச் சொல்ல முடியாமல் நின்றேன். அங்கிருந்த பூத்திலிருந்து ஆபீசுக்குப் போன் செய்தேன். எங்கள் சூப்பரிண்டண்ட் வத்சலா சேச்சி ஆட்டோ பிடித்து வந்து, வரிசையை விலக்கி, எனக்காகப் பேசினார். மனைவியும் மகளும் இன்று உயிரோடு இருப்பது அந்தக் குரலால்தான். தனியாக நன்றி சொல்லப் போனால் "ஒந்நு போடா" என்று கையை வீசிவிடுவார்.

சேச்சி ஓய்வு பெற மூன்று மாதம் இருந்தது. அவருடைய வழியனுப்புக் கூட்டத்திலாவது அதைச் சொல்லாமல் விட்டால் நான் மனிதனே இல்லை என்று தோன்றியது. ஒரு மனநல மருத்துவரிடம் போனேன். சோஷியல் ஆங்ஸைட்டி என்று அவர் அதற்குப் பெயர் சொன்னார். ஆராய்ச்சிக்காக வெளிநாட்டிலிருந்து ஒரு வெர்ச்சுவல் ரியாலிட்டி கருவி வரவழைத்திருந்தார். தலையில் மாட்டினால் கழுத்து வலிக்கும். உள்ளே ஒரு கூட்ட அறை. கோட்டும் டையும் போட்ட வெள்ளைக்காரப் பொம்மைகள் வரிசையாக உட்கார்ந்து தலையாட்டும். அவர்கள் முன் பேசிப் பேசிப் பயத்தைக் குறைக்க வேண்டும். பயம் எவ்வளவு என்று நூறுக்கு மார்க் போட்டு டாக்டரிடம் சொல்ல வேண்டும்.

"இப்போ எத்ர பயம்? நூறில் சொல்லூ."

"பத்து."

"பத்தா! வெரி குட்."

"இவங்க முன்னால பயம் வரல டாக்டர். நான் யாருன்னு இவங்களுக்குத் தெரியாதுல்லா."

"அது தன்னெ இம்ப்ரூவ்மெண்ட்," அதுவே முன்னேற்றம்தான், என்று எழுதிக்கொண்டார்.

முண்டு கட்டிய மலையாளிகள் நாலு பேரை உள்ளே உட்கார வைக்க முடியுமா என்று கேட்க நினைத்தேன். கேட்கவில்லை. அதற்கும் வாய் வேண்டுமே.

கூட்டத்தன்று என் பெயரைக் கூப்பிட்டார்கள். மைக்கைப் பிடித்தேன். முன்வரிசையில் சரிகைக் கரை போட்ட கசவுப் புடவையில் சேச்சி. பின்னால் என்னைத் தெரிந்த முப்பது முகங்கள். எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியாது; கடைசியில் ஒரு கும்பிடு மட்டும் போட்டுவிட்டு உட்கார்ந்தேன். எல்லோரும் மரியாதைக்குக் கைதட்டினார்கள். "ஸாரமில்லடா," பரவாயில்லையடா, என்றார் சேச்சி. அந்த அன்பைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. அடுத்த வாரமே அவர் மகனோடு இருக்க துபாய் போய்விட்டார்.

கடைசி முறை சிகிச்சைக்குப் போனபோது கூட்டத்தில் நடந்ததை டாக்டரிடம் சொல்லவில்லை. கருவியை மாட்டியதும் ஆரம்பித்தேன். தமிழில் பாதி, மலையாளத்தில் பாதி. கவுண்டர், வரிசை, ஆட்டோ, குழந்தையை முதலில் கையில் வாங்கியவர் சேச்சிதான் என்பது வரை ஒன்று விடாமல் சொன்னேன். ஓரிடத்திலும் திக்கவில்லை. வெள்ளைக்காரர்கள் தலையாட்டிக்கொண்டே இருந்தார்கள். கழற்றியபோது கருவியின் உட்பக்கம் கண்ணை ஒட்டிய பஞ்சு நனைந்திருந்தது.

"இப்போ எத்ர?"

"ஒண்ணுமில்ல டாக்டர்."

பூஜ்யம் என்று எழுதினார். எல்லாம் சரியாகிவிட்டது, இனி வர வேண்டாம் என்று சிரித்தபடி கை கொடுத்தார்.