மார்க்கெட் நேரத்து வீடு

காலையில் பங்கு வாங்கி அன்றைக்கே விற்றுவிடும் வியாபாரத்துக்காக, இருதயராஜ் ஹைதராபாத்தில் தன் மாதாப்பூர் கம்பெனியில் ராத்திரி ஷிப்டைக் கேட்டு வாங்கிக்கொண்டார். ஊரே கெஞ்சிக் கூத்தாடிப் பகலுக்கு மாறும்போது இப்படியும் ஒருவரா என்று மேனேஜருக்கே சந்தேகம் வந்தது. தூத்துக்குடிக்காரருக்கோ, தான் பிழைக்கத் தெரிந்தவன் என்று நினைப்பு. விடிகாலையில் உப்பல் வீட்டுக்கு வந்து இரண்டு இட்லியைப் பிய்த்துப் போட்டுக்கொண்டு கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தால், மூன்றரைக்குச் சந்தை மூடும்வரை அசையமாட்டார்.

அதுவரை வீட்டில் யாரும் வாயைத் திறக்கக் கூடாது. மிக்ஸி ஓடக் கூடாது, டிவி கூடாது. மனைவி ஸ்டெல்லா டீச்சர், பள்ளிக்கூடம் போய்த் தப்பித்துக்கொண்டாள். மகள் ஷர்மிளா லீவு நாளெல்லாம் கீழ்வீட்டு ப்ரியம்வதாவிடம் கிடந்தாள். அந்தத் தெலுங்குக்காரம்மா சோறும் போட்டாள், பேச்சும் கொடுத்தாள். ஒருமுறை விழுந்த பல்லைக் கையில் வைத்துக்கொண்டு பிள்ளை ஓடிவந்தது. திரையிலிருந்து கண்ணை எடுக்காமல், "மூணரைக்கு மேல வாட்டி" என்றார். அது பல்லைக் கீழே கொண்டுபோய்க் காட்டியது.

சம்பாதித்தாரா என்றால், முதலில் கொஞ்சம் வந்தது. பிறகு வந்ததோடு சேர்த்து இருந்ததும் போனது. கையைச் சுட்டுக்கொண்ட பிறகுதான் புத்தி வந்தது. அதற்குள் மகள் காலேஜ் போகிற வயதை நெருங்கியிருந்தாள். இப்போது நல்ல கம்பெனியாகப் பார்த்து, மலிவாகக் கிடைக்கும்போது வாங்கி, வருஷக்கணக்கில் தொடாமல் வைக்கிறார். சிகரெட்டை விட்டவர் மாதிரி எல்லோருக்கும் உபதேசம் வேறு. பகல் வேலைக்கு மாறிவிட்டார், அதுவும் பெரும்பாலும் வீட்டிலிருந்தே. பொறுமையாக இருந்தால் எல்லாம் திரும்பக் கிடைக்கும் என்று நம்பினார். மகளையும் அந்தக் கணக்கில்தான் வைத்திருந்தார்.

போன வாரம் ஒரு மத்தியானம் காலேஜ் படிக்கட்டில் ஷர்மிளா வழுக்கி விழுந்தாள். அப்போது இருதயராஜ் வீட்டில்தான் இருந்தார், ஒரு சிமெண்ட் கம்பெனியின் ஆண்டறிக்கையைப் படித்துக்கொண்டு. சாயங்காலம் கையில் மாவுக்கட்டோடு மகள் வந்து நின்றபோதுதான் அவருக்கு விஷயமே தெரிந்தது. கூட்டிவந்தது ப்ரியம்வதா.

"ஏட்டி, நான் வீட்லதான இருந்தேன்? ஒரு போன் போட்டிருக்கலாம்லா?"

"மார்க்கெட் டைம் கதா, டாடி." மார்க்கெட் நேரமாச்சே என்று பாதித் தெலுங்கில் சொன்னாள்.

"அதெல்லாம் விட்டுத்தான் ரெண்டு வருசம் ஆச்சே!"

"தெலுசு, தெரியும் டாடி. ஆனா உங்க ஞாபகமே வரல."

குத்திக்காட்டவில்லை. மணி கேட்டால் சொல்வதுபோல் சாதாரணமாகத்தான் சொன்னாள். கோபப்பட்டிருந்தால் சமாதானம் செய்திருக்கலாம். பாழாய்ப்போன அந்தக் கம்ப்யூட்டரை, பிள்ளை பல்லைக் காட்ட வந்த அன்றைக்கே தூக்கிப் போட்டிருக்கக் கூடாதா என்று இருதயராஜ் நினைத்துக்கொண்டார்.

ஷர்மிளா சோபாவில் ப்ரியம்வதாவின் தோளில் சாய்ந்து, விழுந்த கதையைத் தெலுங்கில் சொல்ல ஆரம்பித்தாள். வலியிலும் ஒரு சிரிப்பு. அவளுக்கு இவ்வளவு பேச வரும் என்பதே அவருக்குப் புதிது. இத்தனை வருஷம் ஹைதராபாத்தில் இருந்தும் அவர் கற்றது காய்கறி வாங்குகிற தெலுங்கு மட்டும்தான்.

ப்ரியம்வதா ஏதோ கேட்டாள். ஷர்மிளா மாவுக்கட்டின்மேல் ஓரிடத்தைத் தொட்டுக் காட்டினாள். அங்கேதான் வலிக்கிறது போலிருக்கிறது என்று இருதயராஜ் ஊகித்துக்கொண்டார்.