குஞ்சம்மாளின் வியாதி டிவியில் வந்தது

எறையூர் குஞ்சம்மாளுக்கு ஒரே ஒரு குறைதான். உடம்புக்கு முடியவில்லை என்றால் அவளைப் பார்க்க வர ஒரு நாதியும் இல்லை. கரும்பு வெட்டிப் பழகிய உடம்பு. காய்ச்சலோடும் அரிவாளைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுகிறவளுக்கு யார் ரொட்டி வாங்கி வருவார்கள்?

அந்த யோகம் ஓரகத்தி அமிர்தவல்லிக்கு வாய்த்தது. பஞ்சாயத்து டிவியில் வாரம் ஒருநாள் ஆஸ்பத்திரி நாடகம், வாரம் ஒரு வியாதி. ஒருமுறை கதாநாயகிக்கு நெஞ்சுப் படபடப்பு; மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கியது. "அய்யோ, எனக்கும் இப்படித்தான் பண்ணுது" என்றாள் அமிர்தவல்லி. மறுநாள் தெருவே அவள் வீட்டில். ஆரஞ்சுப் பழம் என்ன, ஹார்லிக்ஸ் என்ன! அவள் புருஷனே தண்ணீர்க் குடம் தூக்கினான். அவள் இருப்பது கூரைவீடு, ஏறுவதற்கு ஏது மாடிப்படி? அதை யாரும் கேட்கவில்லை.

குஞ்சம்மாளுக்கு வயிறு எரிந்தது. தன் உடம்பிலும் ஏதாவது இருக்காதா என்று தேடினாள். முழங்கைக்கு மேலே வெளுத்த தேமல் ஒன்று, அடுப்புச் சூடு பட்டாலும் தெரியாமல் இருந்தது. குழாயடியில் எல்லோரும் பார்க்க அதில் கருவேலமுள்ளைக் குத்தினாள்.

"பாருங்கடி, ரத்தம் வருது, வலியே இல்ல. அவளுக்கு வெறும் படபடப்பு. இதுதான் வியாதி. ஒருநாளு டிவியிலயே வரும் பாருங்க!"

அன்று சாயங்காலம் பக்கத்து வீட்டு வீராயி பிஸ்கட் பொட்டலத்தோடு பார்க்க வந்தாள். குஞ்சம்மாள் அதைப் பிரிக்கவில்லை. அமிர்தவல்லி கண்ணில் படுகிற இடமாகப் பார்த்து வைத்தாள்.

அடுத்த வாரமே டிவியில் வந்தது. டாக்டர் ஒரு பெண்ணின் தேமலில் ஊசியால் குத்தினார். வலிக்கவில்லை என்றாள் அவள். "இது தொழுநோய்" என்றார் டாக்டர்.

அதற்குப் பிறகு யாரும் டிவியைப் பார்க்கவில்லை, குஞ்சம்மாளைத்தான் பார்த்தார்கள். பிள்ளைகளை இழுத்துக்கொண்டு ஆளுக்கொரு பக்கம் நகர்ந்தார்கள். முதலில் எழுந்தவள் வீராயி. குஞ்சம்மாளுக்கு எழுந்து போகவும் தெரியவில்லை.

அமிர்தவல்லி மட்டும் நகர்ந்து வந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "மாத்திர தின்னா சரியாயிடும்னு சொல்றாருல்ல, முழுசா கேளுங்கக்கா. காலைல நானே பெரம்பலூர் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறேன்."

சொன்னபடியே செய்தாள். படபடப்பை மறந்து, மாதாமாதம் பஸ் ஏற்றிக் கூட்டிப்போனாள். நோய் குணமானது. தெருவும் மெல்ல மெல்லப் பேச ஆரம்பித்தது. பேசியதெல்லாம் அமிர்தவல்லியைப் பற்றித்தான். "கூடப் பொறந்தவகூட இப்படிச் செய்யமாட்டா. என்ன மனசு!"

கடைசித் தடவை மாத்திரை கொடுத்த நர்சம்மாவும் சொன்னாள்: "இப்படி ஒரு ஓரகத்தி கெடைக்க நீங்க குடுத்துவச்சிருக்கணும்."

அமிர்தவல்லி வெட்கப்பட்டுச் சிரித்தாள். தலையாட்டாமல் இருக்க முடியாது, குஞ்சம்மாள் ஆட்டினாள். வியாதி தன்னுடையது, பேர் அவளுக்கா என்று வயிறு பற்றி எரிந்தது. அதற்கு மட்டும் அங்கே மாத்திரை இல்லை.